நாளைக் குறைத்தால் மலை குறையாது

தியாகதுருகம் என்ற பெயரிலேயே மலை இருக்கிறது. துருகம் என்றால் மலைக்கோட்டை. ஊருக்கு மேலே நிற்கும் அந்தப் பாறைக்குன்றுக்காக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். மேற்கே கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் கல்வராயன் மலை எழுகிறது. கோமுகி அணை, வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி எல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழகிப்போன இடங்கள். அதனால் இங்கிருந்து லடாக்குக்கோ கேதார்நாத்துக்கோ நேபாளத்து முக்திநாத்துக்கோ ஒரு குழு கிளம்பும்போது பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. மலை நமக்குப் புதுசா என்ன, உடம்பில் தெம்பு இருந்தால் போதும், ஸ்வெட்டரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பேக்கேஜ் விற்பவர்களும் இதே நம்பிக்கையின் மேல்தான் விலைப்பட்டியலைக் கட்டுகிறார்கள். ஐந்து பகல், நான்கு இரவு, விமானத்தில் லே, மறுநாளே கார்துங் கணவாய், மூன்றாம் இரவு பாங்கோங் ஏரிக்கரைக் கூடாரம். நாள் குறைந்தால் செலவு மிச்சம், இடம் கூடினால் பயணம் நிறைவு என்பது கணக்கு. இந்தக் கணக்கு அடியோடு தவறு. உயர்மலைப் பயணத்துக்குத் திட்டம் போடுவது என்றால் ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தலை சாய்க்கிறோம் என்று முடிவுசெய்வதுதான். வண்டி, துணிமணி, பார்க்க வேண்டிய இடம் எல்லாம் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

முதலில் "மலை நமக்குப் புதுசா" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1,200 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் ஏறக்குறைய இதே ஏணியின் அடுத்தடுத்த படிகள். ஊட்டி 2,240 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கேரளத்தின் ஆனைமுடியையும் சேர்த்துக்கொண்டால்கூட, விந்தியத்துக்குத் தெற்கே 3,000 மீட்டரைத் தொடும் நிலம் ஒரு சாண்கூட இல்லை. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவது 2,500 மீட்டருக்கு மேலே. லே நகரமோ 3,500 மீட்டரில் இருக்கிறது. நாம் வாழ்நாளெல்லாம் ஏறிய மலைகள் எங்கே முடிகின்றனவோ, அதற்கும் முக்கால் கிலோமீட்டருக்கு மேலேதான் லடாக் பயணத்தின் முதல் படுக்கை விரிகிறது. கல்வராயன் மலையில் வளைவுக்கு வளைவு வண்டி ஓட்டிய பழக்கம் கைக்கும் காலுக்கும் உதவும். இரத்தத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. தென்னாட்டில் அதைக் கற்றுக்கொடுக்க இடமும் இல்லை.

இரத்தம் கற்க வேண்டியது என்ன? மலைமேல் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் தியாகதுருகத்திலும் கார்துங் கணவாயிலும் ஒன்றுதான், நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு. மாறுவது காற்றின் அழுத்தம். கல்வராயன் மலையில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. லேயில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. 5,359 மீட்டரில் இருக்கும் கார்துங் கணவாயில் பாதிதான். அழுத்தம் குறைந்ததும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. கழுத்துத் தமனியை ஒட்டி இருக்கும் சிறு உணரிகள் அதைக் கண்டுபிடித்து மூச்சை வேகப்படுத்துகின்றன. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அது மூச்சு வேகத்துக்குத் தடை போடுகிறது. இந்தத் தடையை நீக்கும் வேலை சிறுநீரகத்துடையது. அது பைகார்பனேட்டைச் சிறுநீரோடு வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தால்தான் மூச்சு தேவையான அளவுக்குக் கூட முடியும். இது மணிக்கணக்கில் முடிகிற வேலை அல்ல, நாள்கணக்கில் நடப்பது. புதிய சிவப்பணுக்கள் போதிய அளவு சேர வாரங்கள் ஆகும். தூங்கும்போது மூச்சு இன்னும் தளர்ந்து ஆக்சிஜன் மேலும் இறங்குகிறது. அதனால்தான் பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவு எங்கே தங்கினோம் என்பதை மருத்துவர்கள் முக்கியமாகக் கேட்கிறார்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு, 94க்குக் கீழே காட்டியதும் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் நாம். லேயில் வந்திறங்கிய முதல் நாள் நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவருக்கு அதே கருவி 85க்கும் 90க்கும் இடையில் காட்டுவது சாதாரணம். எண் இப்படி இருக்கும்போதுதான் பேக்கேஜ்காரர் காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏறச் சொல்கிறார்.

"உடம்பில் தெம்பு இருந்தால் போதும்" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. ஓடிப் பழகினால் காலுக்கு வலு வரும், இதயம் வலுவாகும். சிறுநீரகம் அதனால் அவசரப்படாது. கபடி ஆடுகிறவருக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த வேலைக்கு ஏறக்குறைய ஒரே அளவு காலம்தான் பிடிக்கிறது. தெம்புள்ளவருக்கு ஆபத்து கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். மூச்சு வாங்கினாலும் நிற்காமல் வேகமாக மேலே போய்விடுகிற சக்தி அவருக்குத்தான் இருக்கிறது. இதை இந்தியா இரத்தம் கொடுத்துக் கற்றிருக்கிறது. 1962 சீனப் போரை ஒட்டிச் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே அனுப்பப்பட்ட வீரர்களிடம் உயர நோய் பெருமளவில் காணப்பட்டது. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரோடு பணிபுரிந்தவர்களும், ஏறத்தாழ 3,350 மீட்டரிலிருந்து 5,500 மீட்டர் வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, உலகம் முழுவதும் இந்தத் துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. அந்த 1,925 பேரும் உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தினமும் பயிற்சி செய்தவர்கள். அவர்களுக்கு வந்தது நமக்கு வராது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

அந்தப் பாடத்துக்குப் பிறகு இந்திய ராணுவம் வகுத்துக்கொண்ட முறையைப் பார்த்தால், "ஐந்து பகல் நான்கு இரவு" எவ்வளவு துணிச்சலான திட்டம் என்பது புரியும். 2,700 முதல் 3,600 மீட்டர் வரையிலான முதல் கட்டத்துக்கு 6 நாள். 4,500 மீட்டர் வரை போக இன்னும் 4 நாள். அதற்கு மேலே என்றால் மறுபடி 4 நாள். மொத்தம் 14 நாள். முதல் கட்டத்தின் முதல் இரண்டு நாளும் ஓய்வுதான். முகாமுக்குள் சற்று உலாவலாம், அவ்வளவே. மூன்றாம் நான்காம் நாள் சமதரையில் மெதுவான நடை. ஐந்தாம் ஆறாம் நாள்தான் கொஞ்சம் ஏற்றம், அதுவும் நிதானமாக. எல்லையைக் காக்கப் போகிற இருபது வயதுச் சிப்பாய்க்கு நாடு இத்தனை நாள் கொடுக்கிறது. படம் எடுக்கப் போகிற நாம் மறுநாளே 5,359 மீட்டரில் நிற்க வேண்டும் என்கிறோம். கார்துங் கணவாயில் 18,380 அடி என்று எழுதிய பலகை நெடுங்காலம் நின்றது. அளந்து பார்த்தால் உண்மையான உயரம் அதைவிட ஏறக்குறைய 800 அடி குறைவு. ஒரு பலகையோடு படம் எடுத்துக்கொள்வதற்காக இரண்டு நாள் ஓய்வைத் தூக்கி எறிவது நஷ்ட வியாபாரம்.

"ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் போய்வருகிறார்கள், யாருக்கு என்ன ஆகிவிட்டது?" என்பது அடுத்த கேள்வி. இது பதில் சொல்லித் தீர வேண்டிய கேள்வி. பெரும்பாலானோர் உயிரோடு திரும்புகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையல்ல. எவரெஸ்ட் அடிவாரம் போகும் வழியில் 4,243 மீட்டரில் இருக்கும் பெரிச்சே என்ற ஊரில், பீட்டர் ஹேக்கெட், டிரம்மண்ட் ரென்னி என்ற இரு மருத்துவர்கள் 278 மலைநடைப் பயணிகளை ஆராய்ந்து 1976இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்குச் சற்று அதிகமானோர் உயர நோயால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். யாருக்கு அதிகம் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இளைஞர்களுக்கு, 2,800 மீட்டருக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு, வேகமாக ஏறியவர்களுக்கு, வழியில் குறைவான இரவுகள் தங்கியவர்களுக்கு. ஆணா பெண்ணா என்பதிலோ, சுமந்த மூட்டையின் எடையிலோ, முன்பே மலை ஏறிய அனுபவத்திலோ வேறுபாடு தெரியவில்லை. நம் ஊர்ப் பேச்சு எதையெல்லாம் பலம் என்று எண்ணுகிறதோ அவை அந்தப் பட்டியலில் பலமாக வரவில்லை. எதை நேர விரயம் என்று கழித்துவிடுகிறோமோ, அந்த வழித் தங்கல்தான் காப்பாக இருந்திருக்கிறது. "போன வருஷம் போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதும் போதாது. உயரத்தில் பெற்ற பழக்கம் சமவெளிக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே கரைந்துபோகும்.

வந்திறங்கியதும் எதுவும் தெரியாமல் இருப்பதுதான் இதில் பெரிய பொறி. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை போன்றவை பெரும்பாலும் ஆறு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தான நிலை பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும், அதிலும் இரவில். இப்போது ஐந்து நாள் பேக்கேஜை எடுத்து இதன்மேல் வைத்துப் பாருங்கள். டெல்லி 216 மீட்டர். ஒன்றரை மணி நேரம்கூட முழுதாக ஆகாத விமானப் பயணத்தில் லே. இரண்டாம் நாள் ஊர் சுற்றலோ கார்துங் கணவாயோ. மூன்றாம் நாள் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடி, 4,250 மீட்டர் உயரத்துப் பாங்கோங் கரையில் கூடாரம். ஆபத்து உச்சத்தில் இருக்கும் அதே இரவுக்கு, இருப்பதிலேயே உயரமான படுக்கையைத் திட்டம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. முதல் நாள் தலைவலியை "பயணக் களைப்பு" என்று மாத்திரையால் அமுக்கிவிட்டு, இருமலை "குளிர்" என்று தள்ளிவிட்டு மேலே போனவருக்கு, நள்ளிரவில் படுத்தால் மூச்சுத் திணறி, உட்கார்ந்தால்தான் கொஞ்சம் மூச்சு வருகிறது என்ற நிலை வரும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். கீழே இறங்க வேண்டும்.

அந்த இறங்கும் வழியைத் திட்டம் போட்டவர்கள் வரைபடத்தில் பார்த்திருக்கிறார்களா? கல்வராயன் மலையில் சாலை எட்டாத குக்கிராமங்களில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து வரும் துயரம் இந்த மாவட்டத்துக்குத் தெரிந்ததுதான். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது, மருத்துவரை அடையும் நேரத்தால்தான் அளக்க முடியும் என்பதை அந்த மலைவாழ் மக்கள் நமக்கு எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒன்று மட்டும் நிச்சயம்: சுமக்கிற ஒவ்வோர் அடியும் கீழ்நோக்கித்தான். பாங்கோங்கில் அதுவும் இல்லை. அங்கிருந்து லே திரும்பும் வழக்கமான சாலை சாங் கணவாய் வழியாகப் போகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 5,360 மீட்டர். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் தவிப்பவரை இன்னும் 1,100 மீட்டர் மேலே ஏற்றித்தான் லே மருத்துவமனைக்கு இறக்க முடியும். பனி விழுந்தால் அந்தக் கணவாயும் மூடிக்கொள்ளும். வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருந்தாலும் பல இடங்களில் சிக்னல் கிடையாது. "பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லை. வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அது வீட்டில் உட்கார்ந்து திட்டம் எழுதும்போதே செய்ய வேண்டிய வேலை.

மருந்தை நம்புகிறவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது. டையமாக்ஸ் என்று கடைகளில் கிடைக்கும் அசிட்டசோலமைடு, சிறுநீரகத்தை பைகார்பனேட்டை வேகமாக வெளியேற்றத் தூண்டுகிறது. உடம்பு தானே செய்கிற அதே வேலையை அது விரைவுபடுத்துகிறது. விமானத்தில் போய் இறங்குகிறவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இதைப் பரிந்துரைப்பதும் சரிதான். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனிகள் மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் உண்டு. ஆனால் விரைவுபடுத்துவது வேறு, தேவையே இல்லாமல் செய்வது வேறு. மாத்திரை போட்டுக்கொண்டு ஒரே நாளில் 4,250 மீட்டருக்குப் போகலாம் என்று எந்த மருத்துவ வழிகாட்டுதலும் சொல்லவில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் நில்லுங்கள் என்பதுதான் பொதுவான அறிவுரை. மருந்து அந்த விதிக்குத் துணை நிற்கும், விதியின் இடத்தில் உட்காராது. துணியில் முடிந்து முகரும் கற்பூரமோ, மூக்கில் ஒரு குளிர்ச்சியைத் தருகிறதே தவிர, இரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜனைக்கூடச் சேர்ப்பதில்லை. கைக்கு அடக்கமான ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரவு எட்டு மணி நேரம் நீளமானது. தூக்கம் வரவில்லை என்று போடும் தூக்க மாத்திரையும் குளிருக்கென்று குடிக்கும் மதுவும், தளர்ந்திருக்கும் மூச்சை மேலும் தளர்த்திவிடும்.

எதிர்வாதங்களில் மிக வலுவானது பணமும் விடுப்பும். தியாகதுருகத்தில் கடை வைத்திருப்பவருக்கும் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கும் இரண்டு வாரம் ஊரைவிட்டுப் போவது எளிதல்ல. வாழ்நாளில் ஒரு முறை போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுவதும் நியாயம். இந்த நெருக்கடியை அலட்சியப்படுத்திப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நாள் குறைவு என்றால் குறைக்க வேண்டியது இடங்களை. ஓய்வு இரவுகளை அல்ல. ஆறு இரவு மட்டும்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இரவு லேயில், வேறு எந்த வேலையும் இல்லாமல். வந்திறங்குபவர்கள் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று லடாக் நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. மூன்றாம் நாள் மேற்கே சிந்து நதிக்கரையோடு அல்ச்சி. அது லேயைவிடத் தாழ்வான இடம், ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு பழைய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. போகிற வழியில் நிம்மூ அருகே சிந்துவும் சன்ஸ்காரும் இரு நிறத்தில் கூடுவதைக் கீழே நின்றே பார்க்கலாம். நான்காம் இரவு நுப்ரா பள்ளத்தாக்கில். அதற்குக் கார்துங் கணவாயைக் கடக்க வேண்டும், ஆனால் தூங்குவது 3,100 மீட்டர் அளவிலிருக்கும் திஸ்கித்தில். உயரத்தைக் கடந்து போவது வேறு, உயரத்திலேயே படுப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஐந்தாம் இரவும் ஆறாம் இரவும் லேயில். இதற்குப் பிறகும் உடம்பு நன்றாக இருந்தால் ஆறாம் நாள் பகலில் பாங்கோங் போய்வரலாம், இல்லாவிட்டால் வேண்டாம். பார்க்காமல் விட்டது ஓர் ஏரி. இந்தத் திட்டத்தில் ஐந்து நாள் பேக்கேஜைவிட அதிகச் செலவு இரண்டு இரவு வாடகையும் சாப்பாடும் மட்டும்தான். அதைவிடப் பெரிய தொகையை நாம் கேமராவுக்கும் வாடகை மோட்டார் சைக்கிளுக்கும் யோசிக்காமல் கொடுக்கிறோம்.

சாலை வழியாகப் போகிறவர்கள் "வழியிலேயே நாள் போய்விடுகிறது" என்று வருந்துவது இன்னொரு தவறான கணக்கு. வழியில் போகிற நாள்தான் உடம்பு பழகுகிற நாள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676 மீட்டர், பிறகு லே. இது இயற்கையே கட்டிக்கொடுத்த படிக்கட்டு. மணாலியிலிருந்து போகிற சாலைக்கு இந்தக் கருணை இல்லை. 2,050 மீட்டரில் கிளம்பி, கெய்லாங்கில் தங்காமல் ஒரே மூச்சில் ஓடினால், அன்று இரவே 4,290 மீட்டர் உயரத்துச் சார்ச்சுவில் படுக்க நேரிடும். 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை அந்தச் சாலையில் 46 கிலோமீட்டரைக் குறைத்தது. அந்த மலை மக்களுக்கு அது பெரிய வரம்; பனிக்காலத்தில் லாகௌல் பள்ளத்தாக்கு உலகத்திலிருந்து துண்டிக்கப்படுவதை அது முடித்துவைத்திருக்கிறது. ஆனால் பயணிகள் அந்த மிச்ச நேரத்தை அன்றே இன்னும் மேலே போய்விடச் செலவழிக்கிறார்கள். சுரங்கம் தூரத்தைக் குறைத்தது, சார்ச்சுவின் உயரத்தை ஒரு மீட்டர்கூடக் குறைக்கவில்லை. பொறியாளர்கள் மலையைக் குடையலாம். சிறுநீரகத்துக்குக் குறுக்குவழி இன்னும் யாரும் வெட்டவில்லை.

யாத்திரை போகிறவர்களிடம் இதைச் சொன்னால், இறைவன் பார்த்துக்கொள்வான் என்பார்கள். நம்பிக்கையை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. திருக்கேதாரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம். மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் போகிறவர்களுக்குத் தமிழக அரசு மானியமும் தருகிறது. ஆனால் அந்தப் பாடல்கள் பிறந்த காலத்தில் அங்கே போனவர்கள் மாதக்கணக்கில் நடந்துதான் போனார்கள்; பக்தியின் வேகம் காலின் வேகமாக இருந்தது. இன்று போக்ராவில் 820 மீட்டரில் விமானம் ஏறி, இருபது நிமிடத்தில் 2,700 மீட்டர் ஜோம்சோமில் இறங்கி, அதே நாளில் ஜீப்பில் 3,700 மீட்டருக்கு மேலிருக்கும் சந்நிதிக்குப் போகிறார்கள். கேதார்நாத்துக்கோ 3,583 மீட்டருக்கு ஹெலிகாப்டர். போகிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதய அடைப்பும் உள்ளவர்கள். 2022இல் உத்தரகண்டின் நான்கு தல யாத்திரைக் காலத்தில் உடல்நலக் கேட்டால் இறந்த பக்தர்கள் இருநூறுக்கும் மேல். அதன் பிறகு அந்த மாநில அரசு முதியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையை வலியுறுத்தத் தொடங்கியது. ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிப் போவதால் புண்ணியம் குறையாது. பெற்றோரை அனுப்பிவைக்கிற பிள்ளைகள் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், சாப்பாடு சைவமா என்பது அடுத்த கேள்வி.

இப்படியெல்லாம் எழுதினால் மக்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்ற கவலையும் உண்டு. நிதானத் திட்டம் யாரையும் வீட்டில் உட்காரவைப்பதில்லை. தெம்பு இருந்தால்தான் மலை என்று சொல்கிற கருத்துதான் ஐம்பது வயதுக்காரரையும், கொஞ்சம் உடம்பு பருத்தவரையும், மெதுவாக நடக்கிற பெண்ணையும் "உனக்கு ஒத்துக்காது" என்று ஒதுக்குகிறது. இரவுகளைக் கணக்கிட்டுப் போகிறவருக்கு வேகம் தேவையில்லை. மருத்துவர் சரி என்று சொன்ன எவரும் இந்தக் கணக்கோடு போகலாம். ஆக, பயணம் பேசி முடிப்பதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் இரவுக்கும் எதிரே தங்கும் ஊரின் உயரத்தை மீட்டரில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பத்தியை நிரப்பத் தெரியாத ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அதன் கீழே ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விடுங்கள். உடம்பு கேட்டால் அது ஓய்வு நாள், கேட்காவிட்டால் கூடுதலாகக் கிடைத்த நாள். குழுவில் ஒருவருக்குத் தலைவலி கூடினால் எல்லோரும் அங்கேயே நிற்பது, மூச்சு முட்டினாலோ தள்ளாடினாலோ அவரோடு ஒருவர் உடனே கீழே இறங்குவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால் வெட்கமும் செலவுக் கணக்கும் குறுக்கே வரும்.

திரும்பி வருவதைத் தோல்வி என்று எண்ணுகிற மனம்தான் இதில் கடைசித் தடை. இத்தனை பணம் கட்டிவிட்டு ஏரியைப் பார்க்காமல் திரும்புவதா, ஊரில் என்ன சொல்வார்கள் என்ற எண்ணத்தில்தான் பலர் தலைவலியோடு மேலே போகிறார்கள். நம் மரபு இப்படி நினைக்கவில்லை. திருநாவுக்கரசர் கயிலைக்குக் கிளம்பினார். கால் தேய்ந்து, கையால் ஊர்ந்து, உடம்பால் புரண்டும் போனார் என்கிறது பெரிய புராணம். அந்த உடம்போடு கயிலையை அடைய முடியாது, திரும்பிப் போ என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. திரும்பியவருக்குத் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கிடைத்தது. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இன்றும் கொண்டாடுவது அந்தக் காட்சியைத்தான். பாதி வழியில் திரும்பியவருக்கு விழா எடுக்கிற நாட்டில் பிறந்த நாம், லேயில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கவும், பாங்கோங் பக்கம் போகாமலே ஊர் திரும்பவும் கூச்சப்பட வேண்டியதில்லை.